சின்னக் கித்தார் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், இசைக்கருவி வாங்குவோருக்கு யோசனை சொல்லி ஒரு முழுப்பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். வீணையைப் பற்றியும் வயலினைப் பற்றியும் எழுதியிருந்ததில் எனக்குக் குறை இல்லை. கித்தார் பற்றிய பத்தியில்தான், உடல் சிறிதான கித்தார் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் ஏற்றது, மற்றவர்கள் பெரியதையே வாங்க வேண்டும் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். எனக்கு வயது 66. மூன்று வாரத்துக்கு முன்பு உடல் சிறிதான கித்தார் ஒன்றை வாங்கினேன். எனக்காகத்தான் வாங்கினேன். கடைக்காரர் தொடங்கி எங்கள் கட்டடத்துக் காவலாளி வரை ஒருவர் விடாமல் "பேரனுக்கா?" என்று கேட்டுவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குப் பேரன் இல்லை. ஒரே பேத்தி, அவளுக்கு இப்போது ஏழு மாதம்.

நான் மும்பை மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் 34 ஆண்டு தச்சனாக இருந்து ஓய்வுபெற்றவன். பெட்டிகளின் பலகை, இருக்கை, கதவு, சன்னல் எல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகும். எனக்குச் சங்கீதம் தெரியாது, மரம் தெரியும். இந்தக் கடிதத்தை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கித்தார் ஆசை வந்ததும் பட்டறையில்தான். என்னோடு வேலை பார்த்த கோவாக்காரர் ஒருவர், கிறிஸ்துமஸ் நெருங்கினால் சாப்பாட்டு நேரத்தில் தன் பெரிய கித்தாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு மழைக்காலத்தில் அதன் பக்கப்பலகை விரிந்துவிட்டது. வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டி, உள்ளே சின்னச் சின்னதாகக் கட்டை வைத்து, ஒரு வாரம் இறுக்கிப் போட்டுக் கொடுத்தேன். கூலி வாங்க மறுத்ததால் ஜி, சி, டி என்று மூன்று கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் விரல் பிடி) சொல்லிக் கொடுத்தார். அந்த மூன்றை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டு கனவு கண்டேன். இடையில் பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன், அம்மாவின் வைத்தியம். ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை கடைக்குப் போய்ப் பெரிய கித்தாரை மடியில் வைத்துப் பார்த்தேன். பலகை சுமந்து சுமந்து என் வலது தோள் இறுகிப்போயிருக்கிறது; கையை அகட்டி மேலே தூக்க முடியாது. கித்தாரின் அகன்ற விளிம்பு என் கக்கத்தில் இடித்தது. இனி நமக்கு இல்லை என்று வந்துவிட்டேன்.

மறுபடி போனது என் மகளின் வற்புறுத்தலால். (பெண்களுக்குச் சின்னது என்று எழுதினீர்களே, அவள் என்னைவிட நாலு விரல் உயரம். பெரிய கித்தாரைத்தான் வாசிக்கிறாள்.) தோபி தலாவ் பக்கம் உள்ள ஒரு கடைக்கு அழைத்துப் போனாள். மாட்டியிருந்தவற்றில் ஒரு மூலையில் இது இருந்தது. இடுப்பு ஒடுங்கி, தோள் சரிந்து, பார்ப்பதற்கு நம் ஊர்ப் பழைய பித்தளைச் செம்பு போல. எடுத்து மடியில் வைத்தேன். என் வலக் கை எங்கே போக விரும்பியதோ அங்கே கம்பி இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. விலை 26,000 ரூபாய். எங்கே செய்தது, யார் செய்தது என்று எழுதினால் விளம்பரம் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

கடைப் பையன் நல்ல பையன்தான், ஆனால் ரசீதில் "சிறுவர் கித்தார்" என்று எழுத வந்தான். இன்ச் டேப் கொண்டுவரச் சொன்னேன். உங்கள் நிருபரும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

கித்தாரில் பார்க்க வேண்டிய நீளம் உடலின் நீளம் அல்ல, கம்பி அதிரும் நீளம். கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் தாண்டி வரும் வெள்ளைக் கட்டையிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து, அதை இரண்டால் பெருக்க வேண்டும். என் கித்தாரில் அது 12 அங்குலம் 2 நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்). ஆக, கம்பி நீளம் இருபத்தி நாலரை அங்குலம். பெரிய கித்தாரிலே பெரும்பாலும் 25 அங்குலம் 3 நூல் இருக்கும். வித்தியாசம் ஒரு அங்குலம்கூட இல்லை. பிள்ளைகளுக்கென்று முக்கால் அளவில் செய்கிறார்களே, அதில் கம்பி நீளம் 23 அங்குலத்தை ஒட்டியே நின்றுவிடும். அரை அளவு இன்னும் குறைவு. கழுத்தின் அகலமும் பிஞ்சு விரலுக்குத் தக்கபடி குறுகிவிடும். என் கித்தாரில் கழுத்து வளர்ந்த ஆளின் கைக்கு உரியது. சுருங்கியது உடல் மட்டும். கீழ்ப்பக்க அகலம் 13 அங்குலம் 4 நூல். பெரியதில் அது 15 அங்குலம் 5 நூல். உடலின் ஆழத்திலும் அரை அங்குலத்துக்கு மேல் வேறுபாடு. இரண்டையும் குழப்பி ஒரே வரியில் போட்டால், உயரமான பிள்ளைக்கு ஆகாததை வாங்கிக் கொடுப்பார்கள். என்னைப் போன்றவர்கள் வாங்காமலே இருந்துவிடுவார்கள்.

பையன் ரசீதைத் திருத்தி எழுதினான்.

இன்னொன்று. பெரியதுதான் அசல், சின்னது அதன் குட்டி என்ற நினைப்பே தலைகீழ். மகள் வாங்கித் தந்த புத்தகத்தில் படித்தேன். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மார்ட்டின் என்பவர் 1833இல் நியூயார்க்கில் கித்தார் கடை வைத்தார். அவர் ஊரை விட்டுப் போன கதை எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் பரம்பரையாக மரச்சாமான் செய்யும் தச்சர்கள். கித்தார் செய்வது எங்கள் உரிமை, மரச்சாமான் செய்கிறவன் தொடக் கூடாது என்று அங்கிருந்த வயலின் செய்வோர் சங்கம் சண்டைக்கு வந்ததாம். தச்சன் எந்த ஊரிலும் தச்சன்தான் பாருங்கள்! அந்தக் கம்பெனி தன் அளவுகளுக்கு எண் வைத்தது. எண் கூடக் கூட உடல் சிறுக்கும். ஒன்றுக்கும் பெரியது வேண்டும் என்று வந்தபோது எண் தீர்ந்துவிட்டதால் பூஜ்ஜியம் போட்டார்கள். பிறகு இரண்டு பூஜ்ஜியம், 1902இல் மூன்று பூஜ்ஜியம். என் கித்தாரின் அகலம் ஒற்றைப் பூஜ்ஜியத்தின் அளவு. அந்த அளவுக்கு அவர்கள் வைத்த பெயர் "கான்சர்ட்". கச்சேரி அளவு! நீங்கள் குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னது இதை.

பிறகு வந்த பெரிய உடலுக்கு "ட்ரெட்நாட்" என்று பெயர். 1906இல் பிரிட்டன் கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பெயர் அது. 1916இல் பாஸ்டன் கடை ஒன்றுக்காக முதலில் செய்தார்கள். மைக்கும் ஒலிபெருக்கியும் பரவாத காலம். கூட்டத்தில் பாடுகிறவனுக்குச் சத்தம் தேவைப்பட்டது, அதனால் உடல் பெருத்தது. நியாயமான காரணம்தான். நான் வாசிப்பது சயான் கோலிவாடாவில், 225 சதுர அடி வீட்டில், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு. போர்க்கப்பலை எங்கே நிறுத்துவது?

வீட்டுக்குக் கொண்டுவந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று நல்ல மழை. தோபி தலாவிலிருந்து சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம் வரை பையின் மேல் என் ரெயின்கோட்டைப் போர்த்திவிட்டு நான் நனைந்தபடி நடந்தேன். ஹார்பர் லைனில் மாலை ஆறு மணி வண்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாமான் வைக்கும் தட்டில் இரண்டு சாப்பாட்டுப் பைகளுக்கு நடுவே கித்தார் அடக்கமாகப் படுத்துக்கொண்டது. மகளின் பெரிய கித்தாரை அப்படி வைக்க முடிந்ததே இல்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாலு பேரிடம் வசை வாங்கிக்கொண்டு வருவாள். ஷிவ்ரி தாண்டியபோது எதிரே நின்ற ஒருவர் தமிழில் கேட்டார்: "அண்ணாச்சி, பேரனுக்கா?"

வந்ததும் துவட்டி, கம்பிகளைத் தளர்த்தி, டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஒலித்துளை வழியாக உள்ளே பார்த்தேன். என் மனைவி, "வாங்கி வந்தது வாசிக்கவா, வைத்தியம் பார்க்கவா?" என்றாள்.

மேற்பலகை ஸ்ப்ரூஸ். குளிர்நாட்டு ஊசியிலை மரம். வெளுப்பு, இழைத்தால் பால் நிறம் வரும் சாதி. வரிகள் நெருக்கமாக, ஓர் அங்குலத்துக்குப் பதினைந்துக்குக் குறையாமல், நூல் பிடித்தாற்போல நேராக ஓடுகின்றன. ஒரே கட்டையைப் பிளந்து புத்தகம் விரிப்பது போல விரித்து நடுவில் ஒட்டியிருக்கிறார்கள். இடப்பக்கத்து வரி வலப்பக்கத்தில் அப்படியே திரும்பி வருகிறது. இது முழுப்பலகையா, பிளைவுட்டா என்று கடைப் பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒலித்துளையின் விளிம்பைப் பார்த்தால் போதும். மேலே ஓடும் வரி விளிம்பில் மடங்கி உள்ளே இறங்கினால் முழுப்பலகை. அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். இதில் வரி இறங்கியது. முதுகும் பக்கமும் பிளைவுட்தான், மேலே மகோகனித் தோல். இந்த விலைக்கு அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

மேற்பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டர்கூட இராது. ஆறு எஃகுக் கம்பியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு பெரிய கித்தாரில் ஏறத்தாழ 70 கிலோ. இதில் கம்பி நீளம் குறைவு என்பதால் கொஞ்சம் தணியும். ஒரு வளர்ந்த ஆள் இராப்பகலாக அதைப் பிடித்துத் தொங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை ஏன் பிய்ந்து வரவில்லை? உள்ளே பெருக்கல் குறி போல இரண்டு சட்டம், இதில் பாதி, அதில் பாதி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பொருத்தியது. அதன் முனைகளைச் சீவிச் சீவி இளைக்கவிட்டிருக்கிறார்கள், பலகை அதிர இடம் வேண்டுமே என்று. வலுவும் வேண்டும், இளக்கமும் வேண்டும். ரயில் பெட்டி செய்த எங்களுக்கு வலு மட்டும் போதும். இந்தச் சட்டத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் இடத்தில் பசை வழிந்து உறைந்திருந்தது. அதைத் துடைக்காமல் விட்டவன் எங்கள் பட்டறையில் இருந்திருந்தால் மேஸ்திரி பிழிந்திருப்பார்.

விரற்பலகை இந்திய ரோஸ்வுட் என்று சீட்டில் இருந்தது. அதாவது நம் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். உப்புத்தாளால் ஓரத்தில் மெல்லத் தேய்த்து முகர்ந்தேன். அந்த இனிப்பு வாசனை வந்தது. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் கிடைக்காமல் போனதால் மார்ட்டின் கம்பெனி 1969இல் நம் ஈட்டிக்கு மாறியது. 2017 முதல் இந்த இனத்து மரங்கள் எல்லாவற்றுக்கும் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்து, விற்பனைக்குப் போகும் கித்தார்கூடக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது என்றானது. 2019இல்தான் செய்துமுடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் முளைக்கும் மரம் எங்கெங்கோ போய்ச் சுற்றிவிட்டுத் தோபி தலாவில் என் மூக்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நாதத்தைப் பற்றிக் கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். தடித்த கம்பியை மீட்டினால் பெரிய கித்தாரில் வயிற்றில் ஓர் அதிர்வு இறங்கும். இதில் அது இல்லை. பெட்டிக்குள் காற்று குறைவு, வேறென்ன செய்யும்? ஆனால் நடுக் கம்பிகள் இரண்டும் தெளிவாகப் பேசுகின்றன. ஒன்றின் சத்தத்தில் மற்றொன்று மூழ்குவதில்லை. கட்டைவிரலால் மெதுவாகத் தட்டினாலே எழுந்துகொள்கிறது. ஓங்கி அடித்தால் சிறிது நேரத்தில் திணறுகிறது, குரல் கட்டியவர் கத்துவது போல. கழுத்து பன்னிரண்டாவது மெட்டில் உடலோடு சேருகிறது. 1930வாக்கில் பதினாலு மெட்டு பரவும் வரை பன்னிரண்டுதான் வழக்கம். இதனால் குதிரை (கம்பிகளின் கீழ் முனையைத் தாங்கும் கட்டை), பலகையின் அகன்ற பாகத்தின் நடுவுக்கு நகர்ந்துவிடுகிறது. நாதம் கொஞ்சம் உருண்டு வருவது அதனால் என்று நினைக்கிறேன். மேல் மெட்டுகளுக்கு விரல் எட்டாது. மூன்று கார்டு தெரிந்தவனுக்கு அது நஷ்டம் இல்லை.

இடக் கை விரல் நுனி நாலும் முதல் வாரம் எரிந்தன. உளி பிடித்த கைதானே, தாங்கும் என்று இறுமாந்திருந்தேன். காய்ப்பு எல்லாம் உள்ளங்கையில் இருக்கிறது. நுனியில் நான் பச்சைப் பிள்ளை.

உங்கள் பக்கத்தின் மேல் எனக்கு இரண்டாவது வருத்தம் மழை. மும்பை வாசகருக்கு மர வாத்தியம் வாங்க யோசனை சொல்கிறீர்கள். ஈரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கித்தார் செய்கிறவர்கள் காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கட்டும் என்கிறார்கள். என் வீட்டுச் சுவரில் மாட்டிய கருவி இன்று காலை 84 காட்டுகிறது. மரம் வரி ஓடும் திசையில் நீளாது, குறுக்கேதான் உப்பும். கித்தாரின் மேற்பலகை குறுக்கே உப்பப் பார்க்கும். ஓரம் ஒட்டியிருப்பதால் விரிய வழியில்லாமல் நடுவில் தொப்பை போடும். தொப்பை எழுந்தால் குதிரை எழும், குதிரை எழுந்தால் கம்பி எழும், அப்புறம் விரலால் அழுத்த இரட்டிப்புப் பலம் வேண்டும். "எனக்குக் கித்தார் வரவில்லை" என்று ஜூலையில் விட்டுவிட்ட எத்தனை பிள்ளைகள் இந்த ஊரில் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

என்னுடையதில் பன்னிரண்டாவது மெட்டில் தடித்த கம்பி 3 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. குதிரையின் மேல் நிற்கும் வெள்ளைச் சில்லைக் கழற்றி, கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை விரித்து, அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்த்தேன். சில்லில் ஒன்று குறைந்தால் பன்னிரண்டாவது மெட்டில் பாதிதான் குறையும். ஆக இரண்டரைக்கு வந்தது. முழுவதும் இறக்காமல் நிறுத்திக்கொண்டேன். மழை போனால் தொப்பை அமரும். இன்னும் இறக்கியிருந்தால் அப்போது கம்பி மெட்டில் உரசி இரையும். இரவில் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு மூடி வைக்கிறேன். ஈரம் குடித்தால் அந்த நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிடும். வறுத்தால் மறுபடி நீலம். சமையலறைச் சட்டி எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு. வச்சிரம் காய்ச்சிய என் பழைய இரும்புச் சட்டி இப்போது அதற்குத்தான் பயன்படுகிறது.

என் வேண்டுகோள் இதுதான். பிள்ளைகளுக்கான முக்கால் அளவு வேறு, உடல் சிறிதான முழுக் கித்தார் வேறு என்று அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடம் இல்லை என்றால், பன்னிரண்டாவது மெட்டு வரை அளந்து இரண்டால் பெருக்கும் அந்த ஒரு வரியையாவது போடுங்கள். கடைக்குப் போகிறவர் கையில் டேப் இருக்கட்டும்.

கம்பி உயரத்தை அலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்: "2.5, ஜூலை." அக்டோபரில் மழை ஓய்ந்ததும் மறுபடி அளந்து அதன் கீழே எழுதுவேன். அந்தக் கணக்கு வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே தச்சர்,
சயான் கோலிவாடா, மும்பை